பொய் மெய்யல்ல என்று சொல்லும் கம்ப்யூட்டர் பற்றி

சென்னையிலிருக்கும் மாப்பிள்ளை அமல்ராஜுக்கு, ஆலங்குடியில் மோட்டாருக்குச் செம்புக் கம்பிக் காயில் கட்டும் கடையிலிருந்து தாய்மாமன் தைரியநாதன் எழுதுவது. ஆண்டவர் கிருபையாலும் சுகர் மாத்திரையாலும் நானும் உன் அத்தை வியாகுலமேரியும் நலம். நீயும் என் அக்காவும் நலமாயிருக்க வேண்டுகிறேன். வாட்ஸப்பில் எழுதினால் ஒரு கட்டைவிரலைத் தூக்கிக் காட்டிவிட்டுப் போய்விடுவாய் என்பதால் தபாலில் எழுதுகிறேன்.

விஷயம் என் மகள் ரீட்டாவைப் பற்றியது. ஆறு மாதமாக உன் கம்பெனியில் உனக்குக் கீழே, எங்கள் வீட்டு மாடியில் உட்கார்ந்தபடி, பஸ் டிக்கெட் பதிவுக்கான புரோகிராம் எழுதுகிறாள். இந்த வெள்ளிக்கிழமைக்குள் அவளை நிரந்தரமாக்குவதா, வீட்டுக்கு அனுப்புவதா என்று நீதான் முடிவு செய்வாயாம். இப்போதே வீட்டில்தானே இருக்கிறாள், இதற்கு மேல் எங்கே அனுப்புவான் என்று கேட்டேன். யாரும் சிரிக்கவில்லை.

திங்கட்கிழமை அவளுக்குக் காபி கொண்டுபோனேன். திரையில் ஒரே சிவப்பு. புரோகிராமின் ஒவ்வொரு துண்டையும் சோதிக்க டெஸ்ட் என்று இன்னொரு குட்டிப் புரோகிராம் உண்டாம். சரியென்றால் பச்சை, தவறென்றால் சிவப்பு. பத்தாம் வகுப்பை இரண்டு தடவை படித்த எனக்கே அது புரிந்தது.

"என்னம்மா சொல்லுது?"

"ஃபால்ஸ் இஸ் நாட் ட்ரூங்குதுப்பா. பொய், மெய்யில்லையாம்."

"எது பொய்யாம்?"

"அதத்தாம்ப்பா காலையிலேருந்து தேடுறேன். சொல்ல மாட்டேங்குது."

"யாரு எழுதுன டெஸ்டு?"

"எங்க டீம்ல உள்ளதுதான்."

டீம் என்றால் தலைவன் நீதானே. மாப்பிள்ளை, பொய் மெய்யல்ல என்று சொல்ல ஒரு கம்ப்யூட்டர் வேண்டுமா? எங்கள் பங்குச் சாமியார் அதை ஞாயிறுதோறும் கரண்டு இல்லாமலே சொல்கிறாரே. என்ன வரவேண்டும், என்ன வந்தது, எந்த இடத்தில் வந்தது என்று மூன்று சொல் எழுத உன் விரல் தேய்ந்துவிடுமா? நாலு வருஷம் இன்ஜினியரிங் படித்தவன் எழுதிய டெஸ்ட், வயிற்றுவலிக்காரனிடம் 'உனக்கு உடம்பு சரியில்லை' என்று சொல்லி அனுப்பும் டாக்டரைப்போல இருக்கிறது.

நான் மட்டும் என்ன யோக்கியம் என்று கேட்பாய். கேட்டுக்கொள். போன வருஷம் கடைக்கு வந்த மூன்று போர்வெல் மோட்டாரைச் சோதித்து, மூன்றின் அட்டையிலும் 'சரியில்லை' என்று அழகாக எழுதிக் கட்டிவிட்டு, ஆவூருக்கு ஒரு கல்யாணத்துக்குப் போய்விட்டேன். நாலு நாள் கழித்து வந்து அட்டையைப் பார்த்தால் எதில் என்ன சரியில்லை என்று எழுதியவனுக்கே தெரியவில்லை, கேட்டால் மானம் போகும் என்று மூன்றிலும் செம்புக் கம்பியை உருவிப் போட்டேன். அதில் ஒரு மோட்டாருக்குச் சொந்தக்காரரான திருவரங்குளம் குணசேகரன் வந்து, "ஏண்ணே, மேல ஒயருதானே அந்துருந்துச்சு, கொடலையே உருவிட்டீங்களே" என்றார். அன்றிலிருந்து அட்டையில் 'இரண்டாவது காயில் எர்த் அடிக்கிறது' என்று முழுசாக எழுதுகிறேன். ஒரு மோட்டார் மெக்கானிக்குக் குடலை உருவித்தான் அறிவு வந்தது, உனக்கு எதை உருவ வேண்டும்?

இந்த அட்டைக் கதையை ரீட்டாவிடம் சொன்னேன். டெஸ்டில் ஏதோ நாலு வார்த்தை சேர்த்தாள். மறுபடி சிவப்புதான், ஆனால் வாய் திறந்தது: 'சீட் 36 வரவேண்டும், 37 வந்தது, கூடுதலாக வந்தது டிரைவர் சீட்.' டிரைவர் சீட்டுக்கும் டிக்கெட் போட இருந்திருக்கிறீர்கள். பத்து நிமிஷத்தில் சரிசெய்துவிட்டாள். அப்படிப்பட்ட பிள்ளையை நிரந்தரமாக்க உனக்கு யோசனை வேறு.

"மாப்பிள்ளைய வைய்யாதீங்க, ஒங்க அக்கா அப்புறம் போனே எடுக்காது" என்கிறாள் உன் அத்தை. வையவில்லை, விவரமாக எழுதுகிறேன். மாதா உனக்குத் துணையிருந்து நல்ல சுகத்தையும், முடிந்தால் கொஞ்சம் விவரத்தையும் தருவாளாக.

அன்புள்ள மாமா,
தைரியநாதன்

பின்குறிப்பு: ஒட்டுமுன் கடிதத்தை ரீட்டாவிடம் படிக்கக் கொடுத்தேன். அந்த டெஸ்டை எழுதியவளே அவள்தானாம், வேலைக்குச் சேர்ந்த முதல் வாரம். எது தவறு என்று விவரமாகப் போடு என்று நீதான் மூன்று தடவை குறிப்பு எழுதினாயாம். வேலை நிரந்தரமான கடிதமும் நேற்றே வந்துவிட்டதாம். ஏன் சொல்லவில்லை என்றால், "ஓகே ஆயிருச்சுப்பான்னு மாடிலேருந்து சொன்னேனே" என்கிறாள். அவள் சாப்பிட்டு முடித்ததைச் சொல்கிறாள் என்றிருந்தேன். திரும்ப எழுதக் கை வலிக்கிறது. ஆகவே மேலே உன்னை வைதிருக்கும் இடங்களிலெல்லாம் ரீட்டா என்று மாற்றிப் படித்துக்கொள்ளவும். ஆசீர்வாதம் மட்டும் உனக்கே. அக்காவிடம் காட்ட வேண்டாம்.