பழனியப்பன் மீது படையெடுப்பு

ஜனவரி முதல் தேதி காலையில், பல் கூட விளக்காமல், ஒரு சபதம் எடுத்தேன். வருகிற தை மாதத்துக்குள் பழனியப்பனை ஒழித்துக்கட்டிவிட வேண்டும்.

பயப்படாதீர்கள். கத்தி கபடா எதுவும் கிடையாது. பாசாரில் கோழி அறுக்கிற பக்கம் போனாலே எனக்குத் தலை சுற்றும். நான் சொல்வது வியாபாரத்தில். கிள்ளானில் கூடாரமும் நாற்காலியும் வாடகைக்கு விடுகிறவர்களில் நான் ஒருவன், பழனியப்பன் இன்னொருவன். கல்யாணமோ கருமாதியோ, வீட்டு வாசலில் கூடாரம் போட்டே ஆக வேண்டும் என்று ஜனங்கள் இருந்தவரை இரண்டு பேருக்கும் வயிறு நிறைந்தது. இப்போது கல்யாணத்தை ஹாலில் வைக்கிறார்கள். பிறந்தநாளை ஹோட்டலில் வைக்கிறார்கள். எங்களை நம்பி மிச்சம் இருப்பது சாவு ஒன்றுதான். போன வருடம் எங்கள் தெருவில் ஒருவர் செத்தும் பிணத்தை வைத்துச் சடங்கு செய்கிற ஏர்கோன் பார்லருக்குப் போய்விட்டார். வீட்டுக்குப் பின்னால் என் நானூறு நாற்காலியும் அடுக்கிவைத்தபடி மழையில் நனைகின்றன. அவற்றைப் பார்த்துக்கொண்டே காலையில் காப்பி குடிக்கிறேன். காப்பி இறங்குவதில்லை.

வியாபாரம் படுத்துவிட்டால் ஆம்பளைக்கு இரண்டு வழி. ஒன்று போத்தல், மற்றது போன். போத்தல் எனக்கு ஒத்துக்கொள்ளாது. அதைவிட கலாவுக்கு ஒத்துக்கொள்ளாது. ஆகவே போன்.

எங்கள் தொழிலில் பாதி காத்திருப்பதுதான். காலையில் கூடாரம் போட்டுவிட்டால், பிரிக்கும் வரைக்கும் லோரிக்குள் உட்கார்ந்து கிடக்க வேண்டும். அப்படிக் கிடந்தபோது ஒட்டிக்கொண்டதுதான் இந்த விளையாட்டு. கோட்டை கட்ட வேண்டும், படை திரட்ட வேண்டும், பக்கத்து ராஜ்ஜியத்தை அடித்துப் பிடிக்க வேண்டும். மூன்று வருடத்தில் இருபத்திரண்டாவது லெவலுக்கு வந்துவிட்டேன். அங்கே எனக்கு நாற்பதாயிரம் வீரர்கள். இங்கே இரண்டு வேலையாட்கள், அதில் ஒருவன் திங்கட்கிழமை வரமாட்டான்.

சபதம் எடுத்த கையோடு கலாவிடம் போனேன். அவள் நாற்காலி உறைகளை இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தாள்.

"கலா, ஒன்னு கண்டுபிடிச்சிருக்கேன்."

"லோரி சாவியா? ரெண்டு நாளா தேடறேன்."

"அது இல்லலா. வியாபார ரகசியம்."

"மொதல்ல சாவி."

"சாவி கிடக்கட்டும். இந்த கேம்ல மூணு பாடம் இருக்கு. எவனும் காலேஜ்ல சொல்லித் தரமாட்டான். ஒன்னு, ஒற்றன் வேணும். எதிரி எங்க போறான், என்ன பண்றான்னு தெரிஞ்சிருக்கணும். ரெண்டு, எதிரியோட படை வெளியூர் போயிருக்கறப்ப அடிக்கணும். மூணு, அடிக்கறப்ப மொத்தப் படையையும் ஒரே எடத்துல எறக்கணும்."

"எதிரி யாரு?"

"பழனியப்பன். வேற யாரு?"

"அந்த அண்ணன் உங்கள என்ன பண்ணாரு?"

"ஒன்னும் பண்ணல. அதான் சந்தேகமா இருக்கு."

கலா உறையைத் திருப்பிப் போட்டாள். இஸ்திரிப் பெட்டி ஒருமுறை போய் வந்தது.

"அவரு படை எப்ப வெளியூர் போவுது?" என்றாள்.

எனக்குப் புல்லரித்துவிட்டது. கல்யாணமாகி இருபத்து மூன்று வருடத்தில் நான் சொன்ன யோசனைக்கு அவள் "வேணாம்" என்பாள், "போதும்" என்பாள். விவரம் கேட்டது இதுதான் முதல் தடவை.

"தைப்பூசத்துக்கு! பத்துமலையில தண்ணீர்ப் பந்தல் போடறான்ல? கூடாரம், நாற்காலி, லோரி எல்லாம் ஒரு வாரம் அங்கதான்."

"அப்ப அந்த வாரம் அவருக்கு வர்ற ஆர்டரு?"

"அதத்தான் புடுங்கணும்ங்கறேன்!"

"ம்," என்றாள் கலா.

மூன்றாம் நாள் பாசாருக்குப் போய்விட்டு வந்தவள், கூடையை இறக்கும்போதே சேதி சொன்னாள். ஒரு மணி நேரம் தள்ளி, செமினியில் ராஜன் என்று ஒரு கான்ட்ரெக்டர். புது பங்களா கட்டியிருக்கிறார். தைப்பூசத்துக்கு இரண்டு நாள் முன்னால், வெள்ளிக்கிழமை சாயங்காலம், குடிபோகிறார். எப்போதும் அவருக்குக் கூடாரம் போடுவது பழனியப்பன்தான்.

"யார் சொன்னா?"

"காய்கறிக் கடையில பேசிக்கிட்டாங்க. நம்பர் கூட வாங்கிட்டு வந்தேன்."

ஒற்றன் வீட்டுக்குள்ளேயே இருந்திருக்கிறாள், நான்தான் ஊரெல்லாம் தேடியிருக்கிறேன். அன்றைக்கு அவள் வைத்த ரசத்தைக் கூட வாய்விட்டுப் பாராட்டினேன்.

ராஜனிடம் பேச ஏழு பாயிண்ட் எழுதிவைத்துக்கொண்டு போன் போட்டேன். இரண்டாவது பாயிண்டுக்கு நான் வருவதற்குள், "ஓ, நீங்கதானா? சரி பாஸ், வந்திருங்க," என்று வைத்துவிட்டார். என் பெயருக்கு செமினி வரைக்கும் இவ்வளவு மதிப்பு இருக்கிறதே, இது தெரியாமல் இத்தனை நாள் கூனிக் குறுகிக் கிடந்தோமே என்று எனக்குக் கண் கலங்கியது.

ஆறு கூடாரம், நாற்பது மேசை, நானூறு நாற்காலி. அதாவது என்னிடம் இருப்பது முழுவதும்.

"எல்லாத்தையுமா ஏத்தறீங்க?" என்று வெள்ளிக்கிழமை விடியற்காலையில் வாசலில் நின்று கேட்டாள் கலா. "நானூறு எதுக்கு? அவரு வீட்டுக்கு அவ்வளவு பேரு வருவாங்களா? ரெண்டு கூடாரம், அம்பது நாற்காலி விட்டுட்டுப் போங்க. யாராச்சும் தவறிட்டாங்கன்னா?"

"மூணாவது பாடம் என்ன சொன்னேன்?"

"சாவுக்கு ஒங்க பாடம் தெரியுமா?"

"தைப்பூச வாரத்துல எவன் சாவான்?"

"வாய கழுவுங்க மொதல்ல!"

நான் வாயைக் கழுவவில்லை. லோரியில் ஏறிவிட்டேன். சாவி என் சட்டைப் பையிலேயே இருந்தது.

செமினியில் பதினொரு மணிக்குள் கூடாரம் எல்லாம் நிமிர்ந்து நின்றன. பழனியப்பனின் கோட்டையில் என் கொடி. போட்டோ எடுத்து வாட்ஸ்அப்பில் ஸ்டேட்டஸ் போட்டேன். பார்த்தவர்களில் முதல் பெயர் பழனியப்பன். வயிறு எரியட்டும் என்று நினைத்தேன். அவன் கட்டை விரலைத் தூக்கிக் காட்டி ஒரு பொம்மை அனுப்பியிருந்தான். நடிப்பு என்று எடுத்துக்கொண்டேன்.

பன்னிரண்டு மணிக்குக் கலா அழைத்தாள். குரல் இறங்கியிருந்தது.

"புஷ்பவல்லி டீச்சர் வீட்டுக்காரர் போயிட்டாருங்க. காலையில, ஆஸ்பத்திரியில. நாலு மணிக்கு பாடி வீட்டுக்கு வருது."

எங்கள் மகளுக்கு ஆறு வருடம் தமிழ் சொல்லிக்கொடுத்தவர் டீச்சர். அவர் கணவர் என்னை ஒருநாளும் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை, தம்பி என்றுதான் கூப்பிடுவார். எங்கே பார்த்தாலும் காப்பி வாங்கிக் கொடுத்துவிட்டுத்தான் விடுவார். பிள்ளை குட்டி இல்லை. டீச்சர் வீட்டு வாசலில் பத்துப் பேர் நின்றால் பதினோராவது ஆள் சாலையில் நிற்க வேண்டும். நான் வானத்தைப் பார்த்தேன். கிள்ளான் பக்கம் கறுத்துக்கொண்டு வந்தது.

"கலா... இல்லன்னு சொல்லிடேன்."

  

"நீங்களே சொல்லுங்க. டீச்சர் நம்பர் அனுப்பறேன்."

நம்பர் வந்தது. நான் அழுத்தவில்லை. ராஜனிடம் போய்க் கையைப் பிசைந்துகொண்டு, இரண்டு கூடாரம் மட்டும் கழற்றிக்கொள்கிறேன் என்று கேட்டுப் பார்த்தேன்.

"பாஸ், மழை வருது. நீங்க கூடாரத்தக் கழட்டினா நான் ஐயர ஒங்க லோரிக்குக் கீழதான் ஒக்கார வைக்கணும்," என்றார் ராஜன். அவர் சொன்னதிலும் நியாயம் இருந்தது.

கலாவிடம் சொன்னேன். திட்டுவாள் என்று காத்திருந்தேன். திட்டவில்லை, அதுதான் பயமாக இருந்தது.

"விடுங்க. நான் பாத்துக்கறேன். நீங்க வரப் பாருங்க," என்று வைத்துவிட்டாள்.

லோரியில் ஏறி உட்கார்ந்தேன். பழக்க தோஷத்தில் கை போனைத் திறந்துவிட்டது. நாற்பதாயிரம் வீரர்கள் வரிசையாக நின்று என் உத்தரவுக்குக் காத்திருந்தார்கள். அத்தனை பேர் இருந்தும், எனக்குக் காப்பி வாங்கிக் கொடுத்த மனுஷனுக்கு மழைக்கு ஒரு மறைப்புப் போட முடியவில்லை. வெட்கமாக இருந்தது. அழுகை வந்தது, அழுதேன். கண்ணாடி ஏற்றியிருந்ததால் யாரும் பார்க்கவில்லை.

மேசை நாற்காலியெல்லாம் போட்டு முடிய மூன்று மணி ஆனது. வேலையாட்கள் இருவரையும் அங்கே விட்டுவிட்டு ஒரு கிராப் டாக்சி பிடித்தேன். வழியெல்லாம் நெரிசல், வழியெல்லாம் மழை. டீச்சர் முன்னால் என்ன சொல்வது என்று யோசித்து யோசித்து, ஐந்தரை மணிக்கு அந்தத் தெருவில் இறங்கினேன்.

தெருவை அடைத்து மூன்று கூடாரம் நின்றது.

உள்ளே சனம் நனையாமல் உட்கார்ந்திருந்தது. ஓரத்தில் ஒரு லோரி. ஓட்டுகிற இடத்தில் பழனியப்பனின் மனைவி சுரேகா, தலையைத் துவட்டிக்கொண்டிருந்தாள். கீழே என் மனைவி, டிராக் பேன்ட்டைச் சுருட்டிவிட்டு, தொப்பலாக நனைந்தபடி கயிற்றை இழுத்துக் கட்டிக்கொண்டிருந்தாள். ஒரு நாற்காலியைத் திருப்பிப் பார்த்தேன். முதுகில் நீல பெயின்ட்டில் 'ப'. அடுத்ததைத் திருப்பினேன். சிவப்பு பெயின்ட்டில் 'வி'. அது என் எழுத்து, விமலன், நானே எழுதியது. அதற்கடுத்தது நீலம். அப்புறம் மறுபடி சிவப்பு.

"அவன் சாமான் எல்லாம் பத்துமலையில இல்ல?" என்று கலாவிடம் மெதுவாகக் கேட்டேன்.

"அண்ணன் எங்க போனாலும் மூணு கூடாரத்த வீட்டுல விட்டுட்டுத்தான் போவாரு. சாவுக்குன்னு."

"என் நாற்காலி எப்படி இதுல வந்துச்சு?"

"போன கருமாதிக்கு அவங்களுக்குப் பத்தல. குடுத்தேன். அதுக்கு முந்தி நமக்குப் பத்தல, அவங்க குடுத்தாங்க. நீங்க ஏத்திட்டுப் போனதுலயும் பாதி நீலம்தான். ஏழு வருஷமா இப்படித்தான். சாவு வீட்டுக்கு இல்லன்னு யாரும் சொல்லக் கூடாதுன்னு நானும் சுரேகாவும் பேசி வச்சிருக்கோம்."

"எனக்குத் தெரியவே தெரியாதே!"

"தலையத் தூக்கினாத்தானே தெரியும்."

சுரேகா லோரியிலிருந்து எட்டிப் பார்த்தாள். "அண்ணே, செமினி வேல நல்லபடியா முடிஞ்சுதா? எங்க வீட்டுக்காரரு ராஜன்கிட்ட ரொம்ப சொல்லித்தான் ஒங்க நம்பரக் குடுத்தாரு."

நான் கலாவைப் பார்த்தேன். கலா கயிற்றைப் பார்த்தாள்.

அதற்குள் டீச்சர் வெளியே வந்துவிட்டார். என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார்.

"வர்ற வழியெல்லாம் ஒரே கவலை விமலன். மழையில அவரை எங்க கெடத்துவேன்னு. வந்து பாத்தா எல்லாம் போட்டு வச்சிருக்கீங்க. நீங்க நல்லா இருக்கணும்."

நான் வாயைத் திறந்தேன். கலா முந்திக்கொண்டாள்.

"அவரு செமினியில இருந்துக்கிட்டே போன்லயே எல்லாத்தையும் ஏற்பாடு பண்ணாரு டீச்சர்."

அவள் என்னை அந்தச் சனத்துக்கு நடுவில் நான்கு அறை அறைந்திருந்தால் கூட இவ்வளவு வலித்திருக்காது. தலையைக் குனிந்துகொண்டு உள்ளே போய், அந்த மனுஷன் காலடியில் கொஞ்ச நேரம் நின்றேன். மன்னிப்புக் கேட்டேன். தம்பி என்று கூப்பிட இனி அவர் இல்லை.

அன்றைக்கு வீட்டுக்கு நடந்து போகும்போதுதான் எனக்கு வாய் வந்தது.

"காய்கறிக் கடையில கேட்டேன்னு ஏன் பொய் சொன்னே?"

"பழனியப்பன் அண்ணன் குடுத்த ஆர்டருன்னா போயிருப்பீங்களா? கௌரவம் தடுக்கும். நீங்களா புடிச்சதாவே இருக்கட்டும்னு விட்டுட்டேன்."

"அவன் எதுக்கு எனக்குச் சும்மா தூக்கிக் குடுக்கறான்?"

"யாரு சும்மா குடுத்தா?" என்றாள் கலா. "அண்ணனுக்கு இடுப்புல கோளாறு. டாக்டரு எதையும் தூக்கக் கூடாதுன்னுட்டாரு. செவ்வாக்கெழம பத்துமலையில எல்லாத்தையும் பிரிச்சு ஏத்தணும். ஒரு ஆளு வேணும்னு சுரேகா கேட்டா. அனுப்பறேன்னு சொல்லிட்டேன்."

"யார?"

கலா குடையை என் பக்கம் கொஞ்சம் சாய்த்துப் பிடித்தாள்.

விளையாட்டில் இதற்குப் பெயர் கப்பம். தோற்ற ராஜ்ஜியம் ஜெயித்த ராஜ்ஜியத்துக்கு யானை அனுப்பும், குதிரை அனுப்பும். ராஜாவையே அனுப்பியதாக எங்கும் நான் படித்ததில்லை.

செவ்வாய்க்கிழமை காலை ஆறு மணிக்குப் பத்துமலை அடிவாரத்தில் போய் இறங்கினேன். தரையெல்லாம் உடைந்த தேங்காயும் சேறும். பழனியப்பன் இடுப்பில் பட்டையோடு ஒரு நாற்காலியில் உட்கார்ந்திருந்தான். முகம் வெளிறி, பாதியாக இளைத்திருந்தான். இவனையா ஒழிக்கப் பார்த்தோம் என்று எனக்கே பாவமாகிவிட்டது. காப்பி கொடுத்தான். கூடவே ஒரு பிளாஸ்டிக் பையையும் நீட்டினான். உள்ளே நீலச் சட்டை. முதுகில் 'பழனியப்பன் கூடாரம், கிள்ளான்' என்று கொட்டை எழுத்தில் அடித்திருந்தது. நெஞ்சுப் பக்கம் சின்னதாக 'விமலன்'.

போட்டுப் பார்த்தேன். தொப்பையில் கூடப் பிடிக்கவில்லை.

"அளவு சரியா இருக்கா அண்ணே?"

"ரொம்பச் சரியா இருக்கு. இதுக்குள்ள எப்படித் தச்சீங்க? வெள்ளிக்கெழமதானே எனக்கே தெரியும்?"

"இப்பத் தச்சதில்லண்ணே," என்றான் பழனியப்பன். "தீபாவளிக்கு முந்தி எனக்கு இடுப்பு போனப்பவே கலா அக்கா ஒங்க பழைய சட்ட ஒன்ன அளவுக்குக் குடுத்து விட்டுட்டாங்க."