சரஸ்வதிக்கு முன்னால் வைத்த கியூவெட்

ஆராய்ச்சி செய்கிறவனுக்கு வரக்கூடிய பெரிய ஆபத்து, ஆசைப்பட்ட முடிவு அப்படியே கிடைத்துவிடுவதுதான். கிடைக்காவிட்டால் யோசிப்பான். கிடைத்துவிட்டால் சட்டைக் கொலரைத் தூக்கிவிட்டுக்கொள்வான். நான் தூக்கிவிட்டுக்கொண்டேன்.

அப்போது வவுனியாவில் ஆராய்ச்சி மாணவனாக இருந்தேன். திருகாணி போலச் சுருண்ட புரதத் துண்டு ஒன்று (பெப்டைட் என்போம்) உயிர்க்கலத்தைச் சுற்றியுள்ள கொழுப்புப் படலத்தில் எப்படி இருக்கிறது என்று கண்டுபிடிக்க வேண்டும். குத்திட்டு உள்ளே நிற்கிறதா, மேலே படுத்திருக்கிறதா? கண்ணுக்குத் தெரியாது. அதனால் அதன் நுனியில் ஒளிரும் சாயம் ஒன்றைக் கட்டிவிடுவோம். சாயம் தண்ணீர்ப் பக்கம் இருந்தால் மங்கல். கொழுப்புக்குள் புதைந்தால் பச்சையாகப் பளிச்சென்று ஒளிரும். வெளிச்சத்தை வைத்து ஆழத்தைச் சொல்லிவிடலாம். (வீட்டில் இதைப் பெருமையாக விளக்கினேன். "அப்ப டோர்ச் அடிச்சுப் பாக்கிற வேலை" என்று அம்மா சுருக்கிவிட்டார்.)

என் பெப்டைட் உள்ளே குத்திட்டு நிற்கும் என்று எல்லோரிடமும் அடித்துச் சொல்லியிருந்தேன். அதுவோ மாதக்கணக்காக மங்கலாகவே மினுங்கியது. நவராத்திரி வாணி விழா முடிந்ததும் கொழும்பிலிருந்து பேராசிரியை ஒருவர் வரப்போகிறார், எனக்கு இன்னொரு வருடம் கொடுப்பதா, ஆராய்ச்சியை இழுத்து மூடுவதா என்று அவரே முடிவு செய்வார் என்றார்கள். எனக்கு நித்திரை போய்விட்டது.

விஞ்ஞானம் கைவிட்டதால் சரஸ்வதியிடம் போனேன். கனகராயன்குளத்தில் எங்கள் வீட்டில் தங்கச்சி தன் புத்தகங்களைக் கும்பத்துக்கு முன்னால் அடுக்கினாள். நான் ஆய்வுகூடத்தின் குவார்ட்ஸ் கியூவெட்டை வைத்தேன். மருந்துக் குப்பி அளவில், நாலு பக்கமும் பளிங்காக இருக்கும்; மாதிரியை அதற்குள் ஊற்றித்தான் வெளிச்சத்தை அளக்கும் மெஷினில் வைப்போம். விஜயதசமியன்று அம்மா அதைச் சேலைத் தலைப்பால் துடைத்துத் தந்தார். நான் தண்ணீரில் அலசிக்கொண்டு பஸ் ஏறினேன்.

பேராசிரியை மெஷினுக்குப் பக்கத்தில் கதிரையைப் போட்டு அமர்ந்தார். முதலில் பெப்டைட்டைத் தண்ணீரில் விட்டுக் காட்டினேன். மங்கல். பிறகு கொழுப்புத் துளிகளைச் சேர்த்தேன். திரையில் கோடு விறுவிறென்று ஏறியது! இவ்வளவு வெளிச்சத்தை நான் கண்டதே இல்லை. எனக்குள் யாரோ மேளம் அடித்தார்கள். என் சுருள் படலத்தைத் துளைத்துக்கொண்டு கம்பீரமாக நிற்பதாகக் கையை நிமிர்த்திக் காட்டி ஒரு பிரசங்கமே வைத்தேன்.

அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டுச் சொன்னார்: "நல்லது. இப்ப பெப்டைட் போடாம, வெறும் கொழுப்பை மட்டும் வைச்சுக் காட்டும் பாப்பம்."

முதலில் செய்திருக்க வேண்டிய வேலை அது. குப்பியை அலசி, வெறும் கொழுப்பை ஊற்றி வைத்தேன். கோடு மறுபடியும் விறுவிறென்று ஏறியது. இல்லாத பெப்டைட் கம்பீரமாக நின்றது.

"இந்தக் குப்பி கடைசியா எங்க இருந்தது?"

"சரஸ்வதிக்கு முன்னால, மேடம்."

உடனே அம்மாவுக்கு அழைக்கச் சொன்னார். ஸ்பீக்கரில் போட்டேன்.

"அம்மா, அந்தக் குப்பிக்குள்ள ஏதும் விட்டனீங்களோ?"

"ஓம் தம்பி, மஞ்சள் தண்ணி விட்டனான். சாமிக்கு முன்னால வெறும் ஏனம் வைக்கலாமே? ஏன், சோதனை பாஸோ?"

பேராசிரியை முகத்தைப் பொத்திக்கொண்டு சிரித்தார். மஞ்சளும் அந்தச் சாயத்தின் குணம் கொண்டதுதான்: தண்ணீரில் மங்கல், கொழுப்பில் பச்சை வெளிச்சம். தண்ணீரில் அலசினால் சுவரை விட்டுப் போகாது. கொழுப்பைக் கண்டால் ஓடிவந்து ஒட்டிக்கொள்ளும். மஞ்சள் கறை தண்ணீரில் போகாது என்று குசினிக்குள் எட்டிப் பார்த்த எவருக்கும் தெரியும். நான் சாப்பிட மட்டுமே அங்கே போயிருக்கிறேன்.

குப்பியை மதுசாரத்தில் கழுவித் திரும்ப அளந்தோம். வெறும் கொழுப்பு இருட்டாகவே இருந்தது. பெப்டைட்டைப் போட்டால் பழைய மங்கல்தான். மூட்டை கட்டவேண்டியதுதான் என்று நினைத்தேன்.

"இதில அழ என்ன இருக்கு? உம்மட பெப்டைட் உள்ள போகேல்லை, மேல சாய்ஞ்சு படுத்துக் கிடக்குது. அதுவும் ஒரு முடிவுதானே? இன்னொரு வருசம் எடுத்து ஒழுங்கா எழுதும்" என்றார். இத்தனை மாதமும் நான் பழுது என்று திட்டிய மங்கல்தான் பதில்! சந்தோசத்தில் அவர் காலில் விழாத குறை.

பட்டம் கிடைத்துவிட்டது. ஆனால் வீட்டில் யாரும் என்னைக் கலாநிதியாக மதிப்பதில்லை. மத்தியானச் சோற்றுக்குப் பிறகு காற்றுக்காக வாசல்படிக்குக் குறுக்கே படுத்தேன் என்றால் போதும், தங்கச்சி தொடங்கிவிடுவாள்: "அம்மா, பெப்டைட் குறுக்க படுத்துக் கிடக்குது. கொஞ்சம் மஞ்சள் தண்ணி தெளியுங்கோ, எழும்பி நிக்கும்!"

போன மாதம் அம்மா உண்மையாகவே செம்போடு வந்தார். எழும்பி நின்றேன்.