களத்தில் ஓடிய கரண்டு வண்டி

எனக்கு எழுபத்தாறு வயசு. அஞ்சு பிள்ளைகளை, பசுமலையில ஒரு பள்ளிக்கூட விடுதி அடுப்படியில நின்னே வளர்த்து ஆளாக்கினேன். அதுல கடைசிப் பிள்ளை ஜெபா. கரண்டுல ஓடுற கார், அதுலயும் மிதிச்ச உடனே முதுகு சீட்டுல போய் ஒட்டிக்கிற கார், சொந்தச் சம்பாத்தியத்துல வாங்கி ஓட்டுறவ. இதைப் பெருமைக்காகச் சொல்லல. (பெருமைக்காகத்தான் சொல்றேன். பெத்தவ சொல்லாம வேற யார் சொல்லுவா?)

அந்தக் காரை நான் என்ன பாடு படுத்தினேன்கிறதை எங்க வீட்டுல ஆளாளுக்கு ஒரு மாதிரி சொல்லிக்கிட்டுத் திரியுறாங்க. அதான் நானே எழுதிருவோம்னு உக்காந்துட்டேன்.

வண்டி வந்த மறு ஞாயித்துக்கிழமை. ஆராதனை முடிஞ்சு சபை சனம் பூராவும் கோயில் வாசல்ல நிக்குது. நான் முன்சீட்டுல, வெள்ளைச் சேலையில, யாரையும் பாக்காத மாதிரி உக்காந்திருக்கேன். ஜெபா கேட் பக்கத்துல வண்டியை நல்லா ஒடிச்சுத் திருப்புனா. கீழருந்து 'கிர்ர்... தட், தட்'னு ஒரு சத்தம். வண்டிக்குன்னு வேற சத்தமே கிடையாதா, இது ஒண்ணுதான் கோயில் மணியாட்டம் கேட்டுச்சு. அம்புட்டுப் பேரும் திரும்பிப் பாத்தாங்க.

என் மூத்தவன் சாமுவேல் மட்டும் சிரிச்சான். பொம்பளப் பிள்ளைக்கு எதுக்கு இம்புட்டு வேகமான வண்டின்னு வாங்குறதுக்கு முன்னாடியே வாய் வலிக்கப் பேசினவன் அவன். "இப்பவே அழ ஆரம்பிச்சிருச்சா? பேசாமக் குடுத்துட்டு, அடக்கமா ஒரு சின்னக் கார் எடு"ன்னான். ஜெபா மூஞ்சி வாடினதுதான் எனக்குத் தாங்கல. அந்த வண்டி திரும்பிப் போகக் கூடாதுன்னு அங்கயே முடிவு பண்ணினேன்.

கம்பெனி ஒர்க்ஷாப்புல நாள் கேட்டதுக்கு ஒரு வாரம் ஆகும்னாங்க. எனக்குப் பொறுக்கல. விடுதி கிரைண்டர்ல குழவி தேய்ஞ்சா, நான் சத்தத்தை வச்சே சொல்லிருவேன். கிரைண்டரும் சுத்துது, சக்கரமும் சுத்துது, இதுல என்ன பெரிய வித்தியாசம்? (இப்படித்தான் நெனச்சேன். அப்ப எனக்குப் புத்தி சொல்ல எவனும் பக்கத்துல இல்ல. இருந்தாலும் கேட்டிருக்க மாட்டேன்.)

"ஏம்மா ஜெபா, வட்டமா ஓட்டிக் காமி. எந்தச் சக்கரம்னு நான் சொல்றேன்"னேன். எங்க சந்துல ஆட்டோ திரும்பவே இடம் பத்தாது. மேலூர்ப் பக்கம் என் தம்பி தேவசகாயத்துக்கு நல்ல அகலமான மண்களம் இருக்குன்னு ஞாபகம் வந்துச்சு. கிளம்பிட்டோம்.

அங்க போனா களம் முழுக்கக் கொள்ளுச் செடியைப் பரப்பி வச்சிருக்கான். கொள்ளு அடிக்க வர்றேன்னு சொன்ன டிராக்டர்க்காரன் வரல. மேக்க வானம் இருட்டுது. தம்பி இடுப்புல கையை வச்சுக்கிட்டு வானத்தைப் பாத்துட்டு நிக்கிறான்.

எங்க பக்கத்துல கொள்ளு, உளுந்தெல்லாம் தார் ரோட்டுல பரப்பிருவாங்க. போற வர்ற பஸ்சும் லாரியும் மேல ஏறி நெத்தை உடைச்சு மணியை உதிர்த்துக் குடுத்துட்டுப் போகும். பஸ் ஏறலாம்னா என் மக வண்டி ஏறக் கூடாதா? அதுவும் இந்த டயர் எம்புட்டு அகலம்! சத்தத்தையும் கேட்டுக்கலாம், கொள்ளையும் அடிச்சிரலாம்.

ஜெபா தயங்கினா. தம்பிகூட, "அக்கா, இது அதுக்கான வண்டி இல்லக்கா"ன்னான். "நீ ஒதுங்கி நில்லுடா"ன்னு சொல்லிட்டு, களத்து நடுவுல நின்னு கையைக் காமிச்சேன். வண்டி நல்லா ஒடிச்சு வட்டம் போட்டுச்சு. சத்தமே இல்ல. செடி மெத்தை மேல ஓடினா எங்கருந்து சத்தம் வரும்? அது எனக்குத் தோணல. "பாத்தியா, கொள்ளு மேல ஓடினதுல சரியாப் போச்சு"ன்னு சொல்லிட்டேன். சொன்னதோட விட்டேனா? இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம்னு சுத்த விட்டேன். மழை வந்து களம் சேறான பிறகும், இந்தா இந்த ஓரம் மட்டும்னு விட்டேன். அப்புறந்தான் தார்ப்பாயைத் தேடி ஓடினோம்.

ராத்திரி அங்கயே தங்கி, காலையில வண்டியை மேலாப்புல கழுவித் தொடைச்சுக் கிளம்பினோம். நாலு வழிச் சாலையில ஜெபா வேகம் எடுத்தா. ஸ்டியரிங் நடுங்குது, சீட்டு நடுங்குது, என் கன்னச் சதை நடுங்குது. மெதுவாப் போனா ஒண்ணும் இல்ல. மறுபடி மிதிச்சா ஆட்டம். போதாக்குறைக்குப் பசுமலை வந்து சந்துல திரும்பினா, பழைய 'கிர்ர், தட்'டும் அப்படியே இருக்கு. நோய் முத்திருச்சுன்னுதான் ரெண்டு பேரும் நெனச்சோம். இறங்கும்போது ஜெபா மெதுவாச் சொன்னா: "அண்ணன் சொன்னதுதான் சரியோ என்னமோம்மா. ஒர்க்ஷாப்புல ஒண்ணும் முடியலைன்னா குடுத்துருவோம்."

ஒர்க்ஷாப் போற நாள் வரைக்கும் வண்டி வாசல்லயே நின்னுச்சு. என்னால முடிஞ்சது, தினமும் ஹோஸ் பைப்பைப் பிடிச்சு நாலு சக்கரத்துக்கும் தண்ணி அடிச்சு, பளபளன்னு வச்சிருந்தேன். (இதை மனசுல வச்சுக்கிடுங்க.)

அன்னைக்கு நான் சண்டைக்குத் தயாராத்தான் போனேன். பொம்பளை தானேன்னு ஓட்டை வண்டியைத் தலையில கட்டிட்டீங்களான்னு ஆரம்பிச்சு, மத்த வண்டிக்காரங்கள்லாம் எந்திரிச்சு வந்து பாக்குற அளவுக்குப் பேசினேன். அங்க இருந்த மெக்கானிக் தம்பி முழுசையும் கேட்டுட்டு, ஜெபாகிட்ட ரெண்டே கேள்விதான் கேட்டாரு. சத்தம் மெதுவா, முழுசா ஒடிச்சுத் திருப்புறப்ப மட்டுமா? ஆமான்னா. ஆட்டம் வேகத்துல மட்டுமா? அதுக்கும் ஆமான்னா.

"அப்ப ரெண்டும் வேற வேற மேடம்"னாரு.

"அதெப்படித் தம்பி? ஒரு வண்டிக்கு ஒரு நோவுதான் இருக்கும்"னேன் நான்.

அவர் கோவிக்காம விளக்கினாரு. திரும்புறப்ப உள்பக்கச் சக்கரம் சின்ன வட்டம், வெளிப்பக்கச் சக்கரம் பெரிய வட்டம் போடணும். இது வேகத்துக்காகப் போட்ட அகல டயர். தரையைக் கவ்விப் பிடிச்சா லேசுல விடாது. இழுபட்டு இழுபட்டு விடுறப்ப வர்ற சத்தந்தான் அது, வண்டிக்கு ஒரு குறையும் இல்ல. ஆட்டம் அப்படி இல்ல, ஏதோ ஒரு சக்கரத்துல ஒரு பக்கமா எடை ஏறியிருக்கணும், கழட்டிப் பாத்தாத் தெரியும்னாரு.

வண்டியைத் தூக்கி, முன்சக்கரத்தைக் கழட்டித் தரையில படுக்க வச்சாங்க. எல்லாரும் குனிஞ்சாங்க. நான் பேச வச்சிருந்தது பாதிதான் முடிஞ்சிருந்துச்சு. மீதியை விட்டுட்டு நானும் குனிஞ்சேன்.

உள்வளையத்துல ஒரு பக்கமா, அடை மாதிரி அப்பின சேறு. அந்தச் சேத்துக்குள்ளருந்து விரல் நீளத்துக்குப் பச்சைப் பசேல்னு முளை. வரிசையா, யாரோ பாத்தி கட்டி விதைச்ச மாதிரி.

மெக்கானிக் தம்பி முளையை விரலால தொட்டுப் பாத்துட்டு, "இது என்ன செடி?"ன்னாரு.

வேற யாரையாவது கேட்டிருக்கலாம். என்னைப் பாத்துக் கேட்டாரு. நானும் வாயை அடக்காம, "கொள்ளு"ன்னேன். "மேலூர்க் கொள்ளு. நல்ல விதை."

ஜெபா என்னைப் பாத்தா. அழப்போறான்னு நெனச்சேன். அங்க கிடந்த டயர் மேல உக்காந்து, கண்ணுல தண்ணி வர்ற வரைக்கும் சிரிச்சா. அந்த வண்டி வந்ததுலருந்து அவ அப்படிச் சிரிச்சு அன்னைக்குத்தான் பாத்தேன். நாலு சக்கரத்தையும் சுரண்டிக் கழுவி, எடை சரி பாத்துக் குடுத்தாங்க. வர்ற வழியில ரிங் ரோட்டுல மிதிச்சா பாருங்க, ஸ்டியரிங் செவுத்துல அடிச்ச ஆணி மாதிரி நின்னுச்சு. "குடுக்க மாட்டேம்மா"ன்னா. அது போதும் எனக்கு.

சாமுவேல் விடுவானா? "வண்டியோட அம்மாவையும் சர்வீசுக்கு விட்டுட்டு வந்திருக்கலாம்ல"ன்னான். அன்னையிலருந்து ஜெபா எப்ப வண்டியைக் கழுவினாலும், "களை எடுத்தாச்சா?"ன்னு கேக்காம அந்தப் பக்கம் போக மாட்டான். ஆனா குடும்பத்தோட வெளியூர் போகணும்னா இப்ப அவனுக்குத் தங்கச்சி வண்டிதான் வேணும். அதுவும் முன்சீட்டு.

கோயில் வாசல்ல இன்னமும் 'கிர்ர், தட்' கேக்கத்தான் செய்யுது. யாராவது திரும்பிப் பாத்தா நானே கண்ணாடியை இறக்கி, உள்வட்டம் வெளிவட்டம் எல்லாம் சொல்லி அனுப்புறேன்.

அந்த முளைங்களை வீசிர மனசு வரல. முந்தானையில ஏந்திட்டு வந்து, வாசல்ல வண்டிக்குச் சார்ஜ் போடுற செவுத்தோரமா ஊனினேன். இப்ப சார்ஜ் வயர் வர்ற குழாயைப் பிடிச்சுக் கொடி ஏறி நிக்குது. நெத்தும் விட்டிருக்கு. ஜெபாதான் தண்ணி ஊத்துறா.

ஏ மெர்சி, இங்க வா. உங்கப்பன் சாமுவேல் வீட்டுல இருக்கானா? நல்லதாப் போச்சு. இதை அவனுக்குக் கேக்குற மாதிரி சத்தமா வாசி பாப்போம். கொள்ளு வர்ற இடத்துல சிரிக்காம வாசிக்கணும்.