சவோதத் அக்கா வீட்டுத் தட்டு

ஞாயிற்றுக்கிழமை இணையச் சதுரங்கத்தில் தோற்றால், நவ்ரூஸ் புத்தாண்டு விருந்தில் ஊரே பார்க்க, மனைவியின் அண்ணனான தாஷ்கண்ட் மச்சானுக்கு ஹுஸ்னித்தீன்தான் பலாவ் சோறு சமைத்துப் போட வேண்டும். பந்தயம் அப்படி. மர்கிலான் ஊர்க்காரரான அவர் ஒரு தாஷ்கண்ட்காரனுக்குக் கரண்டி பிடிப்பதா? 

ஆட்டத்தில் அவர் புலிதான். ஆனால் காயை நகர்த்தும் நேரம் பார்த்து வைஃபை படுத்துவிடும். காரணம், அடுத்த வீட்டு சவோதத் அக்கா. அவர் பார்க்கும் சீரியலெல்லாம் ஹுஸ்னித்தீன் வீட்டு வைஃபையில்தான் ஓடியது.

சனிக்கிழமை புது வைஃபை பெட்டி வாங்கி வந்தார். மனைவி ஓய்தின் தலையில் அடித்துக்கொண்டாள்.

"இது நாலாவது பெட்டிங்க! வீட்டுல சர்க்கரை இல்ல, மாவு இல்ல."

"உனக்கு என்னடி தெரியும்? முதல்ல இருந்தது டபிள்யூ.இ.பி. அது பூட்டே இல்ல, கதவுல கட்டின நூல். அப்புறம் வந்தது ஒட்டுப்போட்ட பூட்டு. அடுத்தது நல்ல பூட்டுதான், ஆனா சாவியை வீட்டுல உக்காந்தே யூகிச்சிடலாம். இது டபிள்யூ.பி.ஏ. மூணு! உலகத்துல எவனாலயும் யூகிக்க முடியாது."

'பழைய பூட்டு முறையில் வரும் போன்களையும் அனுமதிக்கலாமா?' என்று பெட்டி கேட்டது. 'கூடாது' என்று ஓங்கி அமுக்கினார். கடவுச்சொல்லை ஓய்தினின் புதுப் போனில் அடித்துப் பார்த்தார். இணையம் பறந்தது. அன்றிரவு ராஜா மாதிரி தூங்கினார்.

ஞாயிறு. ஆட்ட நேரம். தன் போனைத் திறந்தார். இணையவில்லை. அணைத்துத் திறந்தார். ஊதினார். துடைத்தார். அது அவர் கல்யாணத்துக்கு வாங்கிய போன். புதுப் பூட்டு அதற்குத் தெரியவே தெரியாது.

அந்த நேரம் பார்த்து, மதிலுக்கு அப்பால் சீரியல் நாயகி தங்குதடையில்லாமல் அழுதாள்.

"ஓய்தின்! அந்தம்மா எப்படி உள்ள வந்தாங்க? இதை உடைக்கவே முடியாதே!"

"யாரு உடைச்சா? நான்தான் சொன்னேன்."

"நீயா?"

"காலையில அக்கா தட்டு நிறைய சம்சா அனுப்பினாங்க. நீங்கதானே ஆறு தின்னீங்க? தட்டை வெறுமையா திருப்பிக் கொடுக்க முடியுமா? வீட்டுல வேற என்ன இருக்கு? அதான் கடவுச்சொல்லைச் சொன்னேன். முன்னாடி மூணு பெட்டிக்கும் அதேதான் நடந்தது."

 ஹுஸ்னித்தீன் கெஞ்சினார்.

"உன் போனையாவது குடும்மா!"

"அதுல எங்க அண்ணன் பேசிட்டிருக்கான். உங்க ஆட்டக் கடிகாரம் ஓட ஆரம்பிச்சிடுச்சாம். பலாவுக்கு ஆட்டுக்கறி நல்லா கொழுப்பா பாத்து வாங்கச் சொல்றான்."

மதிலுக்கு மேலே சவோதத் அக்காவின் தலை தெரிந்தது.

"தம்பி, என்னமோ தவிக்கிறீங்களே! இங்க வந்து என் புதுப் போன்ல ஆடுங்க. நம்ம வீட்டுல வைஃபை பிரமாதமா வருது!"

ஹுஸ்னித்தீன் செருப்பைத் தேடி ஓடினார். ஓய்தின் பின்னாலேயே வந்து, அந்தச் சம்சாத் தட்டில் பழைய மூன்று பெட்டிகளையும் அடுக்கி அவர் கையில் கொடுத்தாள்.

"போறதுதான் போறீங்க. தட்டை வெறுமையா கொண்டுபோகாதீங்க."