மாஸ்டருக்கு உடம்பு சரியில்லை

மைத்துனர் வீட்டு விருந்தில் இரண்டாவது துண்டு கேக்கைத் தட்டிக்கழிப்பதற்காகத்தான் டிரைவிங் மாஸ்டர் அந்தப் பொய்யைச் சொன்னார்.

"வேண்டாம்மா. டாக்டர் தொடவே கூடாதுன்னுட்டாரு."

கேக் வெட்டும் கத்தியோடு மைத்துனரின் மனைவி அப்படியே நின்றுவிட்டாள். "என்ன அண்ணா, உடம்புக்கு என்ன?"

மாஸ்டர் எந்த டாக்டரிடமும் போகவில்லை. விஷயம் வேறு. அவர் வேலை பார்க்கும் டிரைவிங் ஸ்கூலில் பழைய கார்களை விற்றுவிட்டுச் சின்னச் சின்னதாகப் புதுக் கார்கள் வாங்கியிருந்தார்கள். ஓட்டப் பழகுகிறவர்கள் தடுமாறும்போது பக்கத்து சீட்டிலிருந்து சாய்ந்து ஸ்டியரிங்கைப் பிடிப்பதுதான் மாஸ்டரின் வேலையில் பாதி. புதுக் காரில் அவர் சாய்ந்தால், ஸ்டியரிங்குக்குக் கை போய்ச் சேரும் முன்பே கியருக்கு வயிறு போய்ச் சேர்ந்தது. மேம்பாலத்தில் ஏறிக்கொண்டிருந்தபோது ஒருமுறை அது தானாகவே நியூட்ரலுக்கு மாற்றியும் விட்டது.

"கோடை லீவு முடியறதுக்குள்ள வயித்தைக் குறைங்க மாஸ்டர். இல்லேன்னா ஆபீஸ்ல உக்காந்து போன் எடுங்க," என்று முதலாளி சொல்லிவிட்டார்.

ஆபீசில் போன் எடுப்பது என்றால் முதலாளியின் மாமனாருக்கு எதிர் நாற்காலி. அந்தப் பெரியவர் காலையில் ஆரம்பித்துக் கடை சாத்தும்வரை தன் மூட்டுவலியைப் பற்றிப் பேசுவார்.

கோடையோ விருந்தாளிகளின் காலம். லீவு விட்டதிலிருந்து ஊரே ஒருத்தர் வீட்டுக்கு ஒருத்தர் போய் உட்கார்ந்து தின்றுகொண்டிருந்தது. வயிறு கியரில் இடிக்கும் கதையைக் கூட்டத்தின் நடுவில் சொல்ல மாஸ்டருக்குக் கூச்சம். டாக்டர் என்றால் யாரும் வற்புறுத்தமாட்டார்கள் என்று கணக்குப் போட்டார்.

"சும்மா செக்கப்தாம்மா," என்றவர், முதல் துண்டு இன்னும் இறங்காததால் நெஞ்சை லேசாகத் தடவிக்கொண்டார்.

அதுதான் வினையாகப் போயிற்று. கூடமே அவரைத் திரும்பிப் பார்த்தது.

வீட்டுக்கு வந்ததும் மனைவி கைப்பையைக்கூடக் கீழே வைக்கவில்லை. "எந்த டாக்டர்? எவ்வளவு நாளா நெஞ்சு வலி? கட்டுன பொண்டாட்டிகிட்ட சொல்ல முடியல, கேக் வெட்டற எடத்துல சொல்ல முடியுதா?"

எல்லாம் பொய் என்று அவளை நம்பவைப்பதற்குள் அவருக்கு நிஜமாகவே நெஞ்சு படபடத்தது. நம்பியதும் அவளுக்கு அழுகை போய்க் கோபம் வந்தது.

"இப்பப் போய் பொய்யின்னு சொன்னா என் தம்பி பொண்டாட்டி மூஞ்சில நான் எப்படி முழிக்கறது? ஆசையா செஞ்ச கேக்கு. கொஞ்ச நாள் பேசாம இருங்க. தானா அடங்கிடும்."

அடங்கவில்லை. மைத்துனரின் மனைவி துணி தைக்கக் கொடுப்பது மாஸ்டர் குடியிருக்கும் கட்டடத்தின் மேல்மாடித் தையல்காரம்மாவிடம். மறுநாள் மாலை தையல்காரம்மா ஸ்வீட் டப்பாவோடு படியிறங்கி வந்துவிட்டார்.

"உடம்பு முடியாதவங்களைப் பாக்க வெறுங்கையோட வர முடியுமா? சர்க்கரை இல்லையே, நெஞ்சுதானே? அப்ப இதைச் சாப்பிடலாம்."

மாஸ்டர் ஒன்றை எடுத்து வாயில் போடும்வரை அவர் நாற்காலியை விட்டு எழுந்திருக்கவில்லை. அவர் போனதும் எதிர்வீட்டு வங்கிக்காரர் வந்தார், கையில் கேக். அதற்கடுத்த நாள் கீழ்வீட்டு மருந்துக்கடைக்காரர் மனைவியோடு வந்தார். அவர் பாட்டுக்கு மாத்திரைப் பெயர்களாகச் சொல்லிக்கொண்டிருக்க, மனைவி டப்பாவைப் பிரித்து மாஸ்டர் பக்கமாக நகர்த்திக்கொண்டே இருந்தார்.

மீந்ததை வெளியே போட மாஸ்டரின் மனைவி விடவில்லை. "சாப்பிடற பொருளைக் குப்பையிலயா போடறது?"

ஃபிரிட்ஜில் தண்ணீர் பாட்டிலுக்கு இடமில்லாமல் போயிற்று. ஆனாலும் மாஸ்டருக்கு அடிக்கடி தாகம் எடுத்தது. எடுக்கும்போதெல்லாம் ஃபிரிட்ஜைத் திறந்தார்.

இதை இப்படியே விட்டால் ஆகாது என்று, வங்கிக்காரர் அடுத்த முறை வந்தபோது, "இப்ப எனக்கு எல்லாம் சரியாயிடுச்சு சார்," என்றார்.

வங்கிக்காரர் நாற்காலியிலிருந்து எழுந்தே விட்டார். "சரியாயிடுச்சா? இதைச் சும்மா விட முடியுமா மாஸ்டர்?" என்று போய்ப் பெரிய ஐஸ்கிரீம் பெட்டியோடு திரும்பினார்.

சரி, நடந்தாவது குறைப்போம் என்று காலையில் கிளம்பினார். தெருமுனை தாண்டுவதற்குள் மைத்துனரின் கார் பக்கத்தில் வந்து நின்றது.

"மாமா, இந்த ஒடம்போட வெயில்ல நடக்கறீங்களா? அக்கா எப்படி விட்டுச்சு? ஏறுங்க."

காரில் ஏற்றி வீட்டுக்குக் கூட்டிப்போய், விசிறி அடியில் உட்காரவைத்து, இனிப்பாக ஜூஸ் கொடுத்து, சாப்பாட்டையும் முடித்து அனுப்பினார்கள். நடக்கப் போனவர் சட்டையின் கீழ்ப் பொத்தானைக் கழற்றிவிட்டுக்கொண்டு வீடு திரும்பினார்.

கடைசியில் ஃபிரிட்ஜில் இருந்த டப்பாக்களை எல்லாம் பையில் போட்டு டிரைவிங் ஸ்கூலுக்குத் தூக்கிப்போனார். பழக வந்தவர்கள் ஆளுக்கு ஒன்று எடுத்துக்கொண்டார்கள். அதில் ஒரு கல்லூரிப் பெண் பாகு ஒட்டிய கையோடு ஸ்டியரிங்கைப் பிடித்தாள். ரவுண்டானாவில் கை பிசுபிசுத்து ஒட்டிக்கொண்டதால் திருப்பிய ஸ்டியரிங்கை நேராக்க முடியாமல் சுற்றிச் சுற்றி வந்தாள். மாஸ்டர் சாய்ந்தார். வயிறு கியரில் இடித்தது. நடு ரவுண்டானாவில் வண்டி நின்றுபோயிற்று. பின்னால் ஹாரன் அடித்தவர்களில் முதலாளியும் ஒருவர்.

"எல்லாருக்கும் ஸ்வீட் குடுத்தீங்களாமே. வேலையை விட்டுப் போறீங்களா?" என்று ஆபீசில் வைத்துக் கேட்டார்.

"இல்ல சார். வீட்ல மீந்து போச்சு."

"நெஞ்சு வலின்னு கேள்விப்பட்டேன். அதை மறைச்சுகிட்டு என் கார்ல புள்ளைங்கள ஏத்திட்டுப் போறது நியாயமா மாஸ்டர்? டாக்டர் சர்டிபிகேட் கொண்டாங்க. அதுவரைக்கும் அந்த நாற்காலி."

அன்று முழுக்க மாஸ்டர் முதலாளி மாமனாரின் இடது முழங்காலைப் பற்றிக் கேட்டார். வலது முழங்கால் நாளைக்கு என்று பெரியவர் சொல்லி அனுப்பினார்.

மறுநாள் காலையே மாஸ்டர் டாக்டரிடம் ஓடினார். டாக்டர் எல்லாவற்றையும் பார்த்துவிட்டு, "நெஞ்சு நல்லாத்தான் இருக்கு. எடைதான் ரொம்ப ஜாஸ்தி. அப்படி என்ன சாப்பிடறீங்க?" என்றார்.

"பாக்க வர்றவங்க குடுக்கறதுதான் டாக்டர்."

"எதுக்குப் பாக்க வர்றாங்க?"

"எனக்கு உடம்பு சரியில்லைன்னு."

டாக்டர் பேனாவைக் கீழே வைத்துவிட்டு, கேக்கில் தொடங்கிய பொய்யை முழுக்கச் சொல்லவைத்துக் கேட்டார். சர்டிபிகேட் கொடுத்துவிட்டார். ஆனால், "இன்னும் கொஞ்சம் ஏறினா நீங்க சொன்ன பொய்யை நானே உண்மைன்னு எழுதிக் குடுக்க வேண்டியிருக்கும்," என்றார்.

மாஸ்டருக்கு அது உறைத்தது. வீட்டுக்கு வந்து மனைவியிடம், "உன் தம்பி பொண்டாட்டி என்ன நெனச்சாலும் சரி, நான் உண்மையைச் சொல்லப்போறேன்," என்றார். அவள் மறுக்கவில்லை. ஃபிரிட்ஜ் கதவு இரண்டு நாளாகச் சரியாக மூடவில்லை.

மாடிப்படிக்குப் பெயின்ட் அடிப்பதைப் பற்றிப் பேச ஞாயிற்றுக்கிழமை காலை கட்டடத்தில் இருந்தவர்கள் எல்லாரும் கீழே கூடியிருந்தார்கள். பெயின்ட் நிறத்தை முடிவு செய்வதற்குள் மாஸ்டர் எழுந்து நின்றார்.

"எல்லாரும் என்னை மன்னிக்கணும். எனக்கு நெஞ்சு வலியும் இல்ல, ஒண்ணும் இல்ல. உடம்பைக் குறைக்கறதுக்காக ஒரு பொய் சொன்னேன். நீங்க அன்பாத்தான் கொண்டாந்தீங்க. ஆனா இனிமே யாரும் எதுவும் கொண்டு வர வேண்டாம்."

யாராவது கோபப்படுவார்கள் என்று காத்திருந்தார். ஒருவரும் கோபப்படவில்லை. தையல்காரம்மா வங்கிக்காரரைப் பார்த்தார். வங்கிக்காரர் இடுப்பிலிருந்து நழுவிய பேன்ட்டை மேலே இழுத்துவிட்டுக்கொண்டு தரையைப் பார்த்தார்.

மருந்துக்கடைக்காரரின் மனைவிதான் கடைசியில் வாய் திறந்தார்.

"அப்படிச் சொல்லிடாதீங்க மாஸ்டர். விருந்தாளிங்க கொண்டார ஸ்வீட்டையெல்லாம் உங்க தலைல கட்டித்தானே நாங்க அத்தனை பேரும் இந்த லீவுல எளைச்சிருக்கோம்."