தை மாதத்து இடி

ஆனைக்கரையில் ஒரு பள்ளிக்கூடம் தொடங்குவது என்று முடிவு செய்தேன். கட்டடம் வேண்டாம், மணி வேண்டாம், பெஞ்சு வேண்டாம். முன்னறை மூலையில் ஒரு பெட்டி போதும். இப்படி ஓர் உறுதியான முடிவை எடுத்தவன் அடுத்து என்ன செய்வான்? மனைவியிடம் போய் அனுமதி கேட்பான். கேட்டேன்.

"செபமாலை, நான் ஒரு பள்ளிக்கூடம் ஆரம்பிக்கப் போறேன்."

"இப்பத்தான ஒண்ணுலருந்து அனுப்பி விட்டாக?"

"ரிட்டயர் ஆயிட்டேன்னு சொல்லு. அனுப்பி விட்டாகன்னா என்னமோ திருடிட்டு வந்த மாதிரி இருக்கு."

"மாலையைப் போட்டு ஜீப்புல ஏத்தி அனுப்பி விட்டாக. நானும் கூடத்தான உக்காந்து வந்தேன்?"

நான் சூசைமாணிக்கம். பீர்மேட்டுப் பக்கம் தேயிலைத் தோட்டத்துப் பிள்ளைகளுக்கான தமிழ் மீடியம் பள்ளியில் முப்பது வருஷம் கணக்கு வாத்தியார். ஒரு நாளைக்கு நூறு தடவை "புரிஞ்சுதா?" என்று கேட்டுப் பழகிய வாய் இது. ஓய்வு பெற்ற பிறகு கேட்க ஆள் இல்லை. செபமாலையிடம் கேட்க முடியாது. நான் சொல்லி முடிப்பதற்குள்ளேயே அவளுக்குப் புரிந்துவிடும். கோழிகளிடம் கேட்டுப் பார்த்தேன். என் கடைசி பெஞ்சுப் பையன்களைப் போலவே கழுத்தைச் சாய்த்துப் பார்த்துவிட்டுப் போய்விட்டன.

எங்கள் ஒரே மகன் ரிஜின் பெங்களூரில் கம்ப்யூட்டர் கம்பெனியில் இருக்கிறான். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் போன் வரும். "சாப்டீங்களா? மழையா? சரி, வைக்கிறேன்." இவ்வளவுதான் ஒரு வாரத்துக்கான பிள்ளை. அதற்குப் பிறகு வீட்டில் மிக்ஸி ஓடினால்தான் சத்தம்.

போன தடவை வந்தபோது அவன் தன் பழைய பெட்டி ஒன்றை இங்கே விட்டுவிட்டுப் போனான். ஒரு செங்கல் கனம், நெற்றியில் நாலு பச்சை விளக்கு. நெட்வொர்க் ஸ்டோரேஜ், சுருக்கமாக நாஸ் என்றான். போட்டோவெல்லாம் சேர்த்து வைக்கிற பெட்டி. "இதுல ஒரு ஆன்லைன் பள்ளிக்கூடத்தையே நடத்தலாம்ப்பா. பாடம், வீட்டுப்பாடம், பரீட்சை எல்லாம் இதுக்குள்ளயே இருக்கும். பிள்ளைங்க அவங்கவங்க போன்ல படிக்கலாம்" என்று போகிற போக்கில் சொன்னான். நான் பிடித்துக்கொண்டேன்.

செபமாலை பெட்டியைத் தொட்டுப் பார்த்தாள். கதகதப்பாக இருந்தது. ஆனைக்கரைக் குளிரில் தயிர் உறைவது பெரும்பாடு. அன்றைக்கே தயிர்ச் சட்டி பெட்டியின் தலையில் ஏறியது. அப்படியாக, கீழே முக்கோணவியலும் மேலே தயிரும் ஒரே சூட்டில் தயாராயின.

பள்ளிக்கூடத்தை உள்ளே ஏற்றுவதற்கு ரிஜின் போனில் வழி சொன்னான்.

"அப்பா, கன்டெய்னர் ஓடுதான்னு பாருங்க."

"நம்ம ரோட்டுல கன்டெய்னர் எங்கடா ஓடும்? ஜீப்பே வளைவுல ரெண்டு தடவை ரிவர்ஸ் எடுக்குது."

"லாரி இல்லப்பா, மென்பொருள். சரி, அதை விடுங்க. இன்டர்நெட்ல நம்ம வீட்டு விலாசம் அடிக்கடி மாறிட்டே இருக்கும்."

"பஞ்சாயத்து மெம்பர்ட்ட சொல்லி நிரந்தரமாக்கிருவமா?"

அந்தப் பக்கம் அவன் சிரித்தான். இந்தப் பக்கம் செபமாலை அடுப்பை அணைத்துவிட்டு என் தோளுக்குப் பின்னால் வந்து நின்றாள்.

பாதர் பூசையில் அறிவிப்புச் செய்தார். நாலு பிள்ளைகள் சேர்ந்தார்கள். ஜீப் ஓட்டுகிற ஜிபினின் மகள் டின்டுதான் முதல் மாணவி. முதல் பாடத்தன்று சாயங்காலம் சட்டையை இஸ்திரி போட்டு மாட்டிக்கொண்டு உட்கார்ந்தேன். "அன்பு மாணவர்களே" என்று தொடங்கினேன். மலைக்கு அந்தப் பக்கம் ஓர் உறுமல் கேட்டது.

எங்கள் ஊரில் ஐப்பசி சாயங்காலம் என்றால் இடிதான். இடி கேட்டால் வீட்டிலுள்ள அத்தனை பிளக்கையும் உருவிவிட வேண்டும். டிவி, பிரிட்ஜ், மிக்ஸி, எதுவும் தப்பக் கூடாது. மோசேக்குக் கிடைத்தவை பத்துக் கட்டளைகள், இது பதினோராவது. செபமாலை எதை மீறினாலும் இதை மீற மாட்டாள். என் அன்பு மாணவர்கள் அந்தரத்தில் நிற்க, பெட்டி செத்துவிட்டது.

மறுபடி சொருகினால் பெட்டி எழுந்தது, பள்ளிக்கூடம் எழவில்லை. பொசுக்கென்று உருவினால் உள்ளே கணக்கு வழக்கெல்லாம் சிக்கிக்கொள்ளுமாம். பெட்டி அணைந்தால் ரிஜினின் போனுக்குத் தகவல் போகிற மாதிரி ஏற்கெனவே செய்து வைத்திருந்தான். அவனே கூப்பிட்டான். இதைத் தட்டுங்க, அதை அடிங்க என்று சொல்லிவிட்டு, "இனி அது எழுந்து வர பத்து நிமிஷம் ஆகும்ப்பா, லைன்லயே இருங்க" என்றான்.

அந்தப் பத்து நிமிஷம் இருக்கிறதே, அதுதான் விஷயம்.

போனை வைக்கவும் முடியாது, செய்ய வேலையும் கிடையாது. சும்மா இருக்க வேண்டும். சும்மா இருந்தால் மனுஷன் பேசத்தானே செய்வான்? "அம்மா, என்ன குழம்பு?" என்றான். செபமாலை என் கையிலிருந்து போனை வாங்கிக்கொண்டாள். ரூமில் தண்ணீர் வராதது, வயிற்றுக்குச் சாப்பாடு ஒத்துக்கொள்ளாதது, மேனேஜர் முறைத்தது எல்லாம் வந்தது. ஒரு வருஷத்து ஞாயிற்றுக்கிழமைகளில் வராததெல்லாம் அந்தப் பத்து நிமிஷத்தில் வந்தது. பச்சை விளக்கு எரிந்து, "ஆங், வந்துருச்சு. சரி, வைக்கிறேன்" என்று அவன் சொன்னபோது எனக்குப் பெட்டிமேல் கோபமே வந்தது.

ஐப்பசி முழுக்க இடி. ஐப்பசி முழுக்கப் பிள்ளை. என் மாணவர்களுக்கும் பரம திருப்தி. "சார், இன்னிக்கு இடி உண்டா?" என்று டின்டு மத்தியானமே செய்தி அனுப்பிவிடுவாள்.

இங்கேதான் என் புத்தி வேலை செய்தது. வாத்தியார் புத்தி. ஒரே கணக்கை எத்தனை தடவை அடுத்தவனிடம் கேட்பது? உட்கார்ந்து படித்தேன். கறுப்புத் திரையில் என்ன அடிப்பது, சிக்கை எப்படி எடுப்பது, மாறிய விலாசத்தை எப்படிப் பிடிப்பது எல்லாம் கற்றுக்கொண்டேன். கட்டப்பனைக்குப் போய், கரண்ட் போனாலும் பெட்டியை ஓட வைக்கிற யு.பி.எஸ். வாங்கி வந்து வைத்தேன். அடுத்த இடிக்குச் செபமாலை சுவரிலிருந்து பிளக்கை உருவினாள். பச்சை விளக்கு அசையாமல் எரிந்தது. அவள் அதையே பார்த்துக்கொண்டு நின்றாள். யு.பி.எஸ்.ஸின் மகிமையில் மலைத்துப்போய் நிற்கிறாள் என்று நான் நினைத்தேன்.

ஞாயிற்றுக்கிழமை ரிஜினிடம் பெருமையாகச் சொன்னேன். "இனிமே நீ சிரமப்பட வேண்டாம்டா. எல்லாம் அப்பாவே பாத்துக்கிருவேன்."

"சூப்பர்ப்பா" என்றான். "சாப்டீங்களா? சரி, வைக்கிறேன்."

அடுப்படியில் கரண்டி விழுந்த சத்தம் கேட்டது.

கார்த்திகை போனது, மார்கழி போனது. பிள்ளைகளைக் குமுளியில் டியூஷனுக்கு அனுப்பிவிட்டார்கள். அங்கே இங்கிலீஷில் சொல்லித் தருகிறார்களாம். கடைசியாக டின்டுவும் போனாள். என் பள்ளிக்கூடம் மட்டும் ஒரு குறையும் இல்லாமல் ஓடிக்கொண்டிருந்தது. காலையில் திறந்து பார்ப்பேன்: மாணவர் எவரும் இல்லை. சாயங்காலம் பார்ப்பேன்: எவரும் இல்லை. ஆளில்லாத வகுப்பறையில் விளக்கு எரிந்துகொண்டிருந்தது. ஆனாலும் அணைக்க மனம் வரவில்லை.

தை பிறந்தது. ஒரு சாயங்காலம் பார்க்கிறேன், பெட்டி செத்துக் கிடக்கிறது. வயரை யு.பி.எஸ்.ஸிலிருந்தே உருவியிருந்தது.

"செபமாலை, யாரு உருவுனா?"

"நான்தான். இடி இடிச்சுச்சு."

"தை மாசத்துலயா? எனக்குக் கேக்கலியே!"

"உங்களுக்குக் கேக்கல. நான் என்னா செய்ய?"

சொருகினேன். ரிஜின் போனை எடுத்து எங்களைக் கூப்பிடுவதற்குள் பள்ளிக்கூடத்தை எழுப்பிவிட்டேன். மறுநாளும் இடித்ததாம். எனக்குக் கேட்கவில்லை. அவள் உருவுவாள், நான் சொருகுவேன். என் கை வேகம் கூடிக்கொண்டே போனது. கவலையும் கூடியது. முப்பது வருஷம் பிள்ளைகளின் கூச்சலில் காது போய்விட்டது என்றே முடிவு கட்டி, கட்டப்பனையில் காது டாக்டரைப் பார்த்தேன். டாக்டர் இரண்டு காதிலும் விளக்கடித்துப் பார்த்தார். "சாருக்கு ஒரு குறையும் இல்ல. எறும்பு நடந்தாலும் கேக்கும்" என்றார்.

திரும்பி வரும்போது பக்கத்து வீட்டுச் சின்னையன் முற்றத்தில் மிளகு பரப்பிக்கொண்டிருந்தான்.

"சின்னையா, நேத்து நல்ல இடி, என்ன?"

"இடியா? மானம் தொடச்சு வச்ச மாதிரி இருக்கு சார். இடி இடிச்சா நான் மொளகு காயப்போடுவனா?"

வீட்டுக்கு வந்தேன். செபமாலையும் மிளகுதான் உதிர்த்துக்கொண்டிருந்தாள்.

"நேத்து இடி இடிக்கல."

"இடிக்கல."

"முந்தா நாளு?"

"அன்னிக்கும் இடிக்கல."

"பின்ன எதுக்கு உருவுன?"

அவள் கை நிற்கவில்லை. "பெட்டி கெட்டாத்தான பிள்ளை பேசுறான்?"

நான் நாற்காலியில் உட்கார்ந்தேன்.

"பேசணும்னா நேரா அவன்ட்ட சொல்ல வேண்டியதுதான?"

"சொன்னா? 'என்னம்மா, உடம்பு சரியில்லையா'ன்னு பதறுவான். நல்லாத்தான் இருக்கேன்னு சொன்னா, 'அப்பச் சரி, வைக்கிறேன்'பான். பெட்டின்னாத்தான் உக்காந்து பேசுறான். நீங்க பாட்டுக்கு எல்லாத்தையும் கத்துக்கிட்டீக. நான் உருவ உருவ ஓடி ஓடிச் சொருகுறீக. இப்ப யாருக்கு லாபம்?"

என் பள்ளிக்கூடத்தில் உருப்படியாகப் படித்த ஒரே மாணவன் நான்தான். நான் பாஸானதில் வீட்டில் இரண்டு பேருக்கு நஷ்டம். இத்தனை மாதமாக இந்த வீட்டில் தனியாக இருப்பது நான் ஒருவன்தான் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். அதே வீட்டில், அதே சுவருக்கு அந்தப் பக்கம், அவளும் தனியாகத்தான் இருந்திருக்கிறாள். எனக்கு வெட்கமாக இருந்தது.

"சரி, இனிமே எனக்கு ஒண்ணும் தெரியாது. எல்லாம் மறந்துபோச்சு" என்றேன்.

"அது உங்களுக்குச் சிரமமா இருக்காது" என்றாள்.

ஆனால் எனக்குள் ஒரு திட்டம் முளைத்தது. செபமாலை பக்கத்தில் இருந்தால் பெட்டிப் பேச்சு எனக்கு, பிள்ளைப் பேச்சு அவளுக்கு என்றாகிவிடுகிறது. அந்தப் பத்து நிமிஷத்தில் எனக்கும் பங்கு வேண்டாமா? சனிக்கிழமை மத்தியானம் அவள் கோயிலில் பெண்கள் சங்கக் கூட்டத்துக்குப் போவாள். நானே உருவுவேன். முழுப் பத்து நிமிஷமும் எனக்கே. கேட்க வேண்டியதையெல்லாம் மனசுக்குள் அடுக்கி வைத்தேன். "டேய், அப்பாவுக்கு ஒண்ணும் புரியலடா" என்று அப்பாவி மாதிரிச் சொல்லவும் கண்ணாடி முன்னால் நின்று பழகினேன்.

சனிக்கிழமை வந்தது. அவள் குடையை எடுத்துக்கொண்டு கிளம்பினாள். வெயில் கொளுத்துகிறது, குடை எதற்கு என்று நான் கேட்கவில்லை. குளித்து, தலை சீவி, பெட்டிக்கு முன்னால் போய் நின்றேன்.

வயரை ஏற்கெனவே உருவியிருந்தது.

பின்பக்கம் பேச்சுச் சத்தம் கேட்டது. எட்டிப் பார்த்தேன். கோழிக்கூட்டுக்குப் பக்கத்தில், மடக்கின குடையைச் சுவரில் சாய்த்துவிட்டு, கல்லில் வசதியாக உட்கார்ந்திருந்தாள் செபமாலை. மடியில் போன், ஸ்பீக்கரில் ரிஜின்.

"ஆமாய்யா, இங்க பயங்கர இடி. மழை வேற. அப்பாவா? அவருக்கு என்னா தெரியும், எல்லாம் மறந்துட்டாரு. நீ மெதுவாச் சொல்லு, நான் செய்யிறேன். பத்து நிமிஷம் ஆகுமா? ஆகட்டும், ஆகட்டும்."

என்னைப் பார்த்துவிட்டாள். கொஞ்சம்கூடத் திடுக்கிடவில்லை. போனைக் கையால் பொத்திக்கொண்டு, கோழிக்கூட்டின் மேலிருந்த தகரத்தைக் கண்ணால் காட்டினாள்.

"சும்மாதான நிக்கிறீக? அந்தத் தகரத்தை ரெண்டு தட்டுத் தட்டுங்க. இடிச் சத்தம் கேக்கட்டும்."

முப்பது வருஷம் கணக்கு வாத்தியார். ஆனைக்கரை ஆன்லைன் பள்ளியின் நிறுவனர், முதல்வர், ஒரே மாணவர். கோழிகள் வேறு பார்த்துக்கொண்டிருந்தன. தகரத்தை இரண்டு கையாலும் தூக்கிப் பிடித்து, ஐப்பசி இடி எப்படி இருக்குமோ அப்படியே தட்டினேன்.

ஸ்பீக்கரில் ரிஜின் சிரிப்பை அடக்கிக்கொண்டு சொன்னான்:

"அம்மா, அப்பாவ கொஞ்சம் மெதுவாத் தட்டச் சொல்லு. போன தடவை நீ தட்டுன மாதிரி இல்ல."