ஒன்றாம் எண் டிஸ்க்

"ஞாயித்துக்கிழமை அந்த டிஸ்க்கப் போட்டுடலாம்ங்க" என்று மனைவி சொன்னபோது ஸ்டோர் கீப்பர் வாயில் ஒரு மடக்கு டீ இருந்தது. அதை விழுங்கவும் முடியவில்லை, துப்பவும் முடியவில்லை. கொஞ்ச நேரம் அப்படியே வைத்திருந்தார்.

"எந்த டிஸ்க்?"

"நம்ம கல்யாண டிஸ்க்தான். இருபது வருஷம் ஆயிடுச்சு, இன்னும் ஒரு தடவைகூடப் போட்டுப் பாக்கல. அப்பா வராரு, அண்ணன் குடும்பத்தோட வராங்க. எல்லாரும் ஒண்ணா உக்காந்து பாக்கலாம்."

டீ ஒருவழியாக இறங்கியது.

அவர் வீட்டுக் கூடத்தில் ஓர் இரும்பு பீரோ உண்டு. அதற்குள் நானூற்றுப் பன்னிரண்டு டிஸ்க்குகள். ஒவ்வொன்றும் தன் டப்பாவுக்குள் நேராக நிற்கும். படுக்க வைத்தால் வளையும் என்பது அவர் கொள்கை. டிஸ்க்கைத் தொடுபவர்கள் ஓரத்தை மட்டும் பிடிக்க வேண்டும். துடைப்பதென்றால் நடுவிலிருந்து வெளிப்பக்கமாகத்தான் துடைக்க வேண்டும், வட்டமாகத் தேய்த்தால் அன்றைக்கு வீட்டில் பேச்சுவார்த்தை கிடையாது. மழை நாளில் பீரோவைத் திறக்கக் கூடாது. ஈரத்தை உறிஞ்சும் குட்டிப் பொட்டலங்கள் தட்டுக்குத் தட்டு கிடக்கும். சொந்தத்தில் யாராவது புது ஷூ வாங்கினால் முதல் ஆளாகப் போய் நலம் விசாரிப்பார். திரும்பி வரும்போது அந்த ஷூ டப்பாவில் இருந்த பொட்டலம் அவர் சட்டைப் பையில் இருக்கும்.

பார்ப்பதற்கு ஒரு டிஸ்க் வேண்டுமென்றால் மகள் சீட்டு எழுதிக் கொடுக்க வேண்டும். அதை அவர் பரிசீலிப்பார். பெரும்பாலும் பரிசீலனையோடு நின்றுவிடும்.

இதையெல்லாம் பார்த்து ஊரே அவரை சினிமாப் பைத்தியம் என்று நினைத்தது. ஆனால் அந்த மனிதர் எந்தப் படத்தையும் இடைவேளை தாண்டிப் பார்த்ததில்லை. உட்கார்ந்தால் தூங்கிவிடுவார். பீரோ, பூட்டு, பொட்டலம், சீட்டு எல்லாமே ஒன்றாம் எண் டிஸ்க்கை யாரும் பார்த்துவிடக் கூடாது என்பதற்காகச் செய்த ஏற்பாடு. ஒரே ஒரு டிஸ்க்கைப் பூட்டி வைத்தால் சந்தேகம் வரும் அல்லவா? அதற்குத் துணையாக மற்ற நானூற்றுப் பதினொன்றும் வந்து சேர்ந்தன.

காரணம் இதுதான். கல்யாணத்துக்கு முந்தின இரண்டு நாளும் அவர் வேலை பார்த்த உதிரிபாகக் கிடங்கில் வருடாந்தரச் சரக்கு சரிபார்ப்பு. இமையோடு இமை ஒட்டாமல் போல்ட்டும் நட்டும் எண்ணிவிட்டு நேராக வந்து மாப்பிள்ளையாக மேடையில் உட்கார்ந்தார். மாமனார் மைக்கைப் பிடித்து, "என் மருமகன் விழிப்பான ஆளு, என் பொண்ணைக் கண்ணும் கருத்துமா பாத்துக்குவாரு" என்று ஆரம்பித்தது அவருக்கு ஞாபகம் இருக்கிறது. அடுத்து ஞாபகம் இருப்பது கைதட்டல். நடுவில் ஓடிய நேரம் பத்து நிமிடம் என்பது மாமனார் கணக்கு, முக்கால் மணி என்பது மற்றவர்கள் கணக்கு. விழித்தபோது வாய் திறந்திருந்தது. எதிரே பளீரென்ற விளக்கோடு வீடியோக்காரர் கேமராவைத் தோளில் வைத்துக்கொண்டு, வியர்க்க விறுவிறுக்க அவரையே பார்த்துக்கொண்டிருந்தார்.

மூன்றாவது வரிசையில் இருந்த மச்சான் அதைப் பார்த்துவிட்டார். இருபது வருடமாக எந்த விசேஷத்துக்கு வந்தாலும், "மாப்ள அன்னைக்கு நல்லா தூங்கினாரு" என்று ஆரம்பிப்பார். மனைவி விட்டுக் கொடுக்க மாட்டாள். "தூங்கலண்ணே. அப்பா பேசினதைக் கேட்டுக் கண்ணை மூடி உருகிட்டிருந்தாரு" என்பாள். மகளுக்கும் அப்படித்தான் சொல்லி வளர்த்திருக்கிறாள். போட்டோக்களிலும் அவர் கண் திறந்தே இருந்தது. ஒன்று, இரண்டு, மூன்று என்று சொல்லித்தானே போட்டோ எடுப்பார்கள். ஆனால் வீடியோவுக்கு அந்த மரியாதை கிடையாது.

நல்லவேளையாக, டிஸ்க்கைக் கொண்டுவந்து கொடுத்த அன்றே வீடியோக்காரர் ஒரு வார்த்தை சொல்லியிருந்தார். "போடப் போடத் தேயும் சார். போடாம பத்திரமா வச்சிருந்தீங்கன்னா காலத்துக்கும் அப்படியே இருக்கும்."

ஸ்டோர் கீப்பருக்கு அது அருள்வாக்காகப் பட்டது. முதல் கல்யாண நாளில் அதைச் சொல்லியே தப்பித்தார். ஐந்தாவது கல்யாண நாளில் பத்தாவதைக் கைகாட்டினார், பத்தாவதில் இருபதாவதைக் கைகாட்டினார். இப்போது இருபது வந்து வாசலில் நிற்கிறது.

செவ்வாய்க்கிழமையே முதல் அணையைப் போட்டார். வீட்டில் இருக்கும் பிளேயர் பழசு, அதில் போட்டால் டிஸ்க்கில் கீறல் விழும், வேண்டுமானால் அடுத்த வருடம் நல்லதாக ஒன்று வாங்கிப் பார்க்கலாம் என்றார். மனைவி தலையாட்டிவிட்டு அண்ணனுக்குப் போன் போட்டாள். மச்சானுக்கோ இருபது வருட வழக்கில் தீர்ப்பு வரப்போகிற சந்தோஷம். புது பிளேயர் கொண்டு வருகிறேன் என்றார். கூடவே ஆபீஸிலிருந்து புரொஜெக்டரும் எடுத்து வருகிறேன், கூடத்துச் சுவர் முழுக்கப் படம் தெரியும் என்றார்.

ஸ்டோர் கீப்பர் கூடத்துச் சுவரைப் பார்த்தார். அதில் தன் திறந்த வாய் கதவளவுக்குத் தெரிவதை நினைத்துப் பார்த்தார். அன்று இரவுச் சாப்பாடு இறங்கவில்லை.

புதன்கிழமை மனைவி கடைக்குப் போன நேரம் பார்த்து பீரோவைத் திறந்தார். ஒன்றாம் எண் டப்பாவிலிருந்த டிஸ்க்கை எடுத்து, 'வீட்டிலேயே தையல் கற்கலாம்: பாகம் இரண்டு' என்ற இருநூற்றுப் பதினேழாம் எண் டப்பாவுக்குள் வைத்தார். பாகம் ஒன்றையே அந்த வீட்டில் யாரும் தொட்டதில்லை. காணாமல் போய்விட்டது என்று சொல்லிவிடலாம், நாலு நாள் திட்டு விழும், அதோடு முடிந்தது. நிம்மதியாகப் பூட்டினார்.

வியாழக்கிழமை காலை மனைவி அவரிடம் பீரோ சாவி வாங்கி, ஒன்றாம் எண் டப்பாவைத் திறந்து பார்த்துவிட்டு அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். அவளுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. அவரும் பக்கத்தில் உட்கார்ந்து, தன்னால் முடிந்த அளவுக்கு அதிர்ச்சி அடைந்தார். கல்லூரிக்குக் கிளம்பிக்கொண்டிருந்த மகள் மட்டும் பதறவில்லை. பீரோவின் பக்கவாட்டில் தொங்கிய, அப்பா டிஸ்க் கணக்கு எழுதும் ரிஜிஸ்டரை எடுத்துக் கடைசிப் பக்கத்தைப் புரட்டினாள்.

"அப்பா, நீங்களே எழுதியிருக்கீங்களே. 'ஒன்றாம் எண் சரக்கு இருநூற்றுப் பதினேழுக்கு மாற்றப்பட்டது.' தேதி, நேரம், கையெழுத்து எல்லாம் போட்டிருக்கு."

இருபத்தாறு வருட ஸ்டோர் கீப்பர் கை. ஒரு சரக்கை எழுதாமல் நகர்த்த அதற்குத் தெரியாது. எப்போது எழுதியது என்று அவருக்கே நினைவில்லை.

மனைவி கண்ணைத் துடைத்துக்கொண்டாள். கோபப்படுவாள் என்று பார்த்தால் பெருமைப்பட்டாள். திருடன் வந்தால்கூட ஒன்றாம் எண்ணைத்தானே முதலில் தேடுவான், அதற்காகத்தான் மனுஷன் மாற்றி வைத்திருக்கிறார் என்று அவளே ஒரு காரணத்தைக் கண்டுபிடித்துக் கொடுத்தாள். கொடுத்துவிட்டு, ஞாயிறு வரை இது தன்னிடமே இருக்கட்டும் என்று சொல்லி டிஸ்க்கைத் தன் புடவை அலமாரியில் வைத்துப் பூட்டினாள். சாவி இடுப்பில் ஏறியது.

வெள்ளிக்கிழமை அந்தச் சாவியை இறக்குவதற்கு, டிஸ்க்கைப் போடுவதற்கு முன் ஒரு தடவை துடைக்க வேண்டும் என்ற காரணம் தேவைப்பட்டது. அவள் உடனே எடுத்துக் கொடுத்தாள். டிஸ்க் துடைக்கிற விஷயத்தில் அந்த வீட்டில் அவர் வார்த்தைக்கு அப்பீல் கிடையாது.

குளியலறைக்குள் போய்த் தாழ் போட்டுக்கொண்டார். ஒரு கையில் டிஸ்க், மறு கையில் பாத்திரம் தேய்க்கும் கம்பி நார். நாலு இழுப்பு இழுத்தால் வேலை முடிந்தது. நாரை டிஸ்க்கின் மேல் வைத்தார். கை நகரவில்லை. பல்லைக் கடித்துக்கொண்டு மறுபடியும் வைத்தார். கொஞ்ச நேரம் கழித்துப் பார்த்தால் கம்பி நார் கீழே கிடந்தது, அவர் மென்மையான துணியால் நடுவிலிருந்து வெளிப்பக்கமாகத் துடைத்துக்கொண்டிருந்தார். வெளியே வந்தபோது டிஸ்க் கண்ணாடி மாதிரி பளபளத்தது.

சரி, தன் கையால் முடியாது, வேறு யாராவது தெரியாமல் உடைக்கட்டும் என்று கூடத்து சோபாவில், மெத்தைக்கு அடியில் சொருகி வைத்துவிட்டு, எதிர் நாற்காலியில் செய்தித்தாளை விரித்துக்கொண்டார். பத்து நிமிடத்தில் மனைவி மடிக்க வேண்டிய துணிகளோடு வந்தாள். சரியாக அந்த இடத்துக்கு மேலே திரும்பி, முதுகைக் காட்டி, உட்காரப் போனாள்.

"உக்காராத!"

அலறியது வேறு யாருமில்லை, அவர்தான். செய்தித்தாள் ஒரு பக்கம் பறக்க, பாய்ந்து போய் மெத்தையைத் தூக்கி டிஸ்க்கை எடுத்து நெஞ்சோடு அணைத்துக்கொண்டார்.

மனைவி அவரையும் டிஸ்க்கையும் மாறி மாறிப் பார்த்தாள். அது எப்படி அங்கே போனது என்றுகூடக் கேட்கவில்லை. துணியைக் கீழே வைத்துவிட்டுப் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

"உங்களை நான் எத்தனையோ தடவை கிண்டல் பண்ணியிருக்கேன், பீரோவையே கட்டிக்கிட்டு அழறீங்கன்னு. இந்த டிஸ்க் மேல உங்களுக்கு இவ்வளவு உசுருன்னு இன்னைக்குத்தான் தெரியுது."

அவர் டிஸ்க்கின் ஓரத்தை மட்டும் பிடித்து மடியில் வைத்துக்கொண்டார்.

"அன்னைக்கு அப்பா பேசினப்போ நான் தலை குனிஞ்சு உக்காந்திருந்தேன். ஓரக்கண்ணால ஒரே ஒரு தடவை பாத்தேன். நீங்க கண்ணை மூடியிருந்தீங்க. இப்படி உருகற மனுஷனைத்தான் கட்டிக்கிறோம்னு நெனச்சு, அந்த நிமிஷம்தான் எனக்கு பயம் போச்சு. அதை ஒரு தடவை நேரா பாக்கணும்ங்க. அவ்வளவுதான்."

மச்சான் சிரிப்பது பரவாயில்லை, மாமனார் முறைப்பதும் பரவாயில்லை. இவள் முகம் அந்தச் சுவர் வெளிச்சத்தில் எப்படி மாறும் என்பதுதான் தாங்க முடியாததாக இருந்தது. உண்மையைச் சொல்லிவிடலாம் என்று வாயைத் திறந்தார். ஒரு பிரதி எடுத்து வைத்துக்கொள்வது நல்லது, நாளைக்கு வீடியோக்காரரிடம் போய் வருகிறேன் என்றுதான் வந்தது. அவள் இன்னும் உருகிப்போய்ச் சம்மதித்தாள்.

வீடியோக்காரர் இரண்டு தெரு தள்ளி ஸ்டுடியோ வைத்திருந்தார். இப்போது பெரும்பாலும் பாஸ்போர்ட் சைஸ் போட்டோ. ரொம்பக் கூச்ச சுபாவம் என்பது ஸ்டோர் கீப்பர் அபிப்பிராயம். எதிரே வந்தால் தெருவைக் கடந்து அந்தப் பக்கம் போய்விடுவார். ஆனால் பெருந்தன்மைக்குக் குறைவில்லை. ஒவ்வொரு கல்யாண நாளுக்கும் அவர்கள் போட்டோ ஒன்றைப் பெரிதாக்கி, சட்டம் போட்டு, வீட்டுக்கு அனுப்பிவிடுவார். இதுவரை பத்தொன்பது சட்டங்கள் வந்திருக்கின்றன. இவ்வளவு அன்பான மனிதர் இந்த ஒரு உதவியைச் செய்ய மாட்டாரா?

சனிக்கிழமை பதினொரு மணிக்கு ஸ்டுடியோவில் நுழைந்தபோது வீடியோக்காரர் கவுன்டருக்குக் கீழே எதையோ தேடிக்கொண்டிருந்தார். நெடுநேரம் தேடினார். ஸ்டோர் கீப்பர் நகராமல் நிற்கவே, வேறு வழியில்லாமல் எழுந்தார். கவுன்டர் மேல் இருந்த டிஸ்க் டப்பாவைப் பார்த்ததும் அவர் முகத்தில் ரத்தமே இல்லை.

"போட்டுப் பாத்தீங்களா சார்?" குரல் கம்மியிருந்தது.

"இன்னும் இல்ல. நாளைக்குப் போடறாங்க. மொத்தக் குடும்பமும் வருது. சுவர் சைசுக்கு."

வீடியோக்காரர் ஸ்டூலைத் தேடி உட்கார்ந்தார்.

ஸ்டோர் கீப்பர் சுற்றிலும் பார்த்துவிட்டு, யாரிடமும் இதுவரை சொல்லாததைக் கொட்டிவிட்டார். சரக்கு சரிபார்ப்பு, தூக்கம், திறந்த வாய், மச்சான், மனைவியின் ஓரக்கண், நானூற்றுப் பன்னிரண்டு டிஸ்க், ஒன்றையும் மறைக்கவில்லை. உங்களுக்குத்தான் எல்லாம் தெரியுமே, கேமராவுக்குப் பின்னாலிருந்து பார்த்தவர் நீங்கள்தானே என்றார்.

"எனக்காக ஒண்ணே ஒண்ணு பண்ணுங்க. மாமனார் பேசற இடத்தை மட்டும் வெட்டி எடுத்துடுங்க. இருபது வருஷமா அவ நம்பிட்டிருக்கா. அது போயிடக் கூடாது. உங்க கால்ல வேணாலும் விழறேன்."

வீடியோக்காரர் அவரையே பார்த்துக்கொண்டிருந்தார். முகத்தில் ரத்தம் மெல்லத் திரும்பியது. எழுந்து போய்க் கடையின் ஷட்டரைப் பாதிவரை இறக்கினார். ஒரு டம்ளர் தண்ணீர் கொண்டுவந்து ஸ்டோர் கீப்பர் கையில் கொடுத்தார். குடித்து முடிக்கும்வரை காத்திருந்தார். பிறகு அந்த டம்ளரை வாங்கி வைத்துவிட்டு, இருபது வருட மூச்சை ஒன்றாக விட்டார்.

"வெட்டறதுக்கு அந்த டிஸ்க்குல ஒண்ணுமே இல்ல சார். அன்னைக்கு நான் கேமராவுல டேப்பே போடல."